பிரெஞ்சு உச்சரிப்பு: தமிழ் பேசும் வாய் எங்கே இடறுகிறது?

இளவேனில் கேட்டது:

வணக்கம். டெல்ஃப் (பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழ்) பி1 நிலை வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். இலக்கணம் பரவாயில்லை, சொற்களும் ஓரளவு கைவசம் இருக்கின்றன. ஆனால் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் 'என்ன, என்ன?' என்று திரும்பக் கேட்கிறார். பதிவு செய்து கேட்டுப் பார்த்ததில், 'நீ' என்று பொருள்படும் சொல்லும் 'எல்லாம்' என்று பொருள்படும் சொல்லும் என் வாயில் ஒரே 'து'வாக வருகின்றன. மூக்கொலி வரும் இடங்களில் 'ன்' ஒட்டிக்கொள்கிறது. பிரெஞ்சு 'ர' வரவே இல்லை. இதெல்லாம் கடினம் என்று தெரியும். புரியாதது என்னவென்றால், 'அவள்', 'உடன்' போன்ற எளிய சொற்களைச் சொன்னால்கூட ஆட்களுக்குப் புரிவதில்லை. அது ஏன்? எந்த வரிசையில் சரிசெய்வது? சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் இதுவரை படித்தேன். அதில் தவறு உண்டா?

குறிலன் பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், இளவேனில். தமிழ் எழுத்தில் எழுதி வைப்பதை இன்றே நிறுத்துங்கள். 'மலை ஏறுகிறான்' என்பதில் வரும் வினைச்சொல்லும் 'உலகம்' என்ற சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'மோ~த்'தான். முதலாவதில் 'தாத்தா'வின் த, இரண்டாவதில் 'பந்து'வின் த. எழுத்து காட்டாத வேறுபாட்டைக் கண் பார்க்காது, கண் பார்க்காததை நாக்கும் தேடாது. இங்கே தட்டச்சு செய்ய வேறு வழி இல்லாததால் சில குறிகள் போட்டுக்கொள்கிறேன்: ~ இருந்தால் மூக்கொலி, ° இருந்தால் நாக்கு இ/ஏ நிலையிலும் உதடு உ/ஓ நிலையிலும் இருக்க வேண்டும், ஃஸ என்பது குரல் சேர்ந்த ஸ, ஃஷ என்பது குரல் சேர்ந்த ஷ.

து°, து வேறுபாடு. யு என்ற ஒற்றை எழுத்து வந்தால் து°. ஓ, யு இரண்டும் சேர்ந்து வந்தால் சாதாரண உ. செய்முறை இது. 'ஈ' என்று நீட்டுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லின் உட்புறத்தைத் தொட்டிருக்கும், நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களில் அழுந்தியிருக்கும். அந்த அழுத்தத்தை விடாமல், சீழ்க்கை அடிப்பதுபோல் உதட்டை மட்டும் மெதுவாகக் குவியுங்கள். வருவதுதான் உ°.

சரியாக வந்ததா என்று பார்க்க வழி உண்டு. உ° ஒலியை நீட்டிக்கொண்டே உதட்டை மட்டும் விரியுங்கள். திரும்ப 'ஈ' வந்தால் சரி. 'பத்து' என்ற சொல்லின் கடைசியில் வருகிற குற்றியலுகரம் வந்தால், உதடு குவிந்தபோது நாக்கு பின்னால் நழுவிவிட்டது என்று பொருள். கிசுகிசுத்தும் பார்க்கலாம்: குரல் இல்லாமல் சொன்னால் உ° கீச்சென்றும் உ தணிந்தும் கேட்கும்.

இன்னொரு தவறு 'தியூ' என்று வருவது. உதடு தாமதமாகக் குவிவதே காரணம். நாக்கு 'த'வை விடுவதற்கு முன்பே உதடு குவிந்து காத்திருக்க வேண்டும். பழகுவதற்கு நல்ல இணை: தஸு° என்றால் 'மேலே', தஸு என்றால் 'கீழே'. ஒலி மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். அடுத்து ரு° (தெரு), ரு (சக்கரம்).

சாதாரண 'உ'வும் நமக்குத் தானாக வந்துவிடாது. தமிழில் சொல்லின் கடைசி உகரத்தை உதடு குவியாமல் முடிப்பது பழக்கம். பிரெஞ்சில் 'வு' (நீங்கள்) என்னும்போது உதடு இறுகக் குவிய வேண்டும். முற்றியலுகரம் என்று மனதில் வையுங்கள்.

ஏ° ஒலிக்கும் இதே முறைதான்: 'ஏ'வில் நாக்கை நிறுத்தி உதட்டைக் குவித்தால் 'இரண்டு' என்ற சொல்லின் தே° வரும். தாடையைச் சற்று இறக்கினால் 'அச்சம்' என்ற சொல்லின் பெ°ர். ஏ°, எ° இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காக இப்போது மெனக்கெட வேண்டாம். ஆனால் ஏ°, உ இரண்டும் கலக்கவே கூடாது. கலந்தால் 'தே°ஃஸெ°ர்' (2 மணி) என்று நீங்கள் சொன்னதை மற்றவர் 'துஃஸெ°ர்' (12 மணி) என்று எடுத்துக்கொள்வார்.

இப்போது மூக்கொலி. இதில் நமக்குப் பெரிய சொத்து இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பேச்சுத் தமிழில் 'வந்தேன்', 'வந்தான்', 'வந்தோம்' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நாக்கு மேலே தொடுகிறதா? உதடு மூடுகிறதா? இல்லை. எழுத்தில் ன், ம் இருந்தாலும் வாயில் இருப்பது மூக்கால் வரும் உயிரொலிதான். பிரெஞ்சின் வே~ (திராட்சை மது), வா~ (காற்று), போ~ (நல்ல) மூன்றும் இந்த வகை. செய்தி வாசிப்பதுபோல் 'வந்தேன்' என்று திருத்தமாகச் சொல்லும் வாயை விட்டுவிட்டு, வீட்டில் பேசும் வாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 'போ~'வுக்குப் பெண்பால் 'பொன்'. இங்கே உயிர் மூக்கில் போகாது, ன் முழுதாக ஒலிக்க வேண்டும். நம் பேச்சுப் பழக்கம் இங்கும் ன்-ஐ விழுங்கிவிடும். அப்போது ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றாகும், 'வருகிறான்' (வ்யே~) என்பதும் 'வருகிறார்கள்' (வ்யென்) என்பதும் ஒன்றாகும். நாக்கு பல்லில் பட்டு, பட்ட நாக்கு விடுபடும் ஓசை கேட்கும்வரை சொல்லை முடிக்காதீர்கள்.

நாவடி பதில்:

குறிலன் சொன்ன மூக்கொலி வழியே சிறந்த வழி. அதில் ஒரு திருத்தம். 'வந்தான்' ஒலியை அப்படியே கொண்டுபோனால் பாரிஸ்காரர் காதுக்கு அது வே~ ஆகக் கேட்கும், வா~ ஆக அல்ல. இன்றைய பாரிஸ் உச்சரிப்பில் ஆ~ தொண்டைப் பக்கம் தள்ளிப் போயிருக்கிறது, உதடும் லேசாகக் குவியும், கிட்டத்தட்ட 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவே. ஏ~ அதற்கு எதிர்ப்பக்கம்: 'வந்தேன்' ஒலியில் தாடையை இன்னும் ஒரு விரல் அளவு இறக்கி, உதட்டை விரித்துச் சொல்ல வேண்டும். ஓ~ மட்டும் 'வந்தோம்' ஒலியோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

நான்கு மூக்கொலிகளும் ஒரே தொடரில் வருவது: 'எ°~ போ~ வே~ ப்லா~', அதாவது நல்ல வெள்ளைத் திராட்சை மது ஒன்று. முதல் ஒலியான எ°~ பாரிஸிலும் வட பிரான்ஸிலும் பெரும்பாலோர் பேச்சில் ஏ~ உடன் கலந்துவிட்டது. தெற்கு பிரான்ஸ், பெல்ஜியம், கியூபெக்கில் தனியாகவே நிற்கிறது. உங்களுக்கு மூன்று போதும்.

இனி 'ர'. தண்ணீர் வைத்துத் தொண்டை கொப்பளிக்கச் சொல்வார்கள். ஒலி பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும், ஒலியைப் பிறப்பிக்க உதவாது. தமிழில் இதைவிட நல்ல வாசல் இருக்கிறது. 'பகல்', 'அகம்' என்று வேகமாகச் சொல்லுங்கள். நடுவிலுள்ள க அழுத்தமாக வருவதில்லை, அடிநாக்கு மேலே முழுதாகத் தொடாமல் காற்று உரசிப் போகும். அந்த உரசல் நடக்கும் இடத்தை இன்னும் சற்று பின்னால், உள்நாக்குப் பக்கம், கொண்டுபோங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லில் ஒட்டியபடியே இருக்க வேண்டும். நுனி எழுந்தால் நம் 'ர' வந்துவிடும். எழுகிறதா என்று பார்க்கக் கண்ணாடி போதும்.

சொற்களில் பழகும்போது வரிசை முக்கியம். க்-க்குப் பின் வரும் ர-வில் தொடங்குங்கள் (க்ரா, க்ரே, க்ரி). க் சொல்லும்போதே அடிநாக்கு பின்னால் போயிருப்பதால் பாதி வேலை முடிந்திருக்கும். பிறகு இரு உயிர்களுக்கு நடுவே (பாரி, அதாவது பாரிஸ்). பிறகு சொல்லின் முதலில். கடைசியாக 'த்ரே' (மிக): த-வுக்கு முன்நாக்கும் ர-வுக்கு அடிநாக்கும் அடுத்தடுத்து வேலை செய்வதால் இதுதான் மிகக் கடினம். ப், த், க், ஃப் ஒலிகளுக்குப் பின் ர-வில் குரல் இருக்காது, வெறும் காற்று, ஏறத்தாழ 'அஃது'வின் ஆய்தம் போல. சொல்லின் கடைசியில், 'புர்' (ஆக) போன்றவற்றில், மிக மெல்லியது.

கரகரவென்று வந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். பிரெஞ்சு ர ஒரு மென்மையான ஒலி. 5 நிமிடப் பயிற்சியில் தொண்டை வலித்தால் தசையை இறுக்குகிறீர்கள். காற்றை மட்டும் விடுங்கள். ர சரியாக வராவிட்டாலும் பெரிய இடர் இல்லை. நாக்கு நுனியால் உருட்டும் ர ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகள் பலவற்றில் வழக்கில் உள்ளது, எல்லோருக்கும் புரியும். ஆகவே முதல் வாரத்தை ர-வில் கரைக்காதீர்கள். புரியாமல் போவதற்கு அது காரணமே அல்ல.

ஃஸ, ஃஷ இரண்டும்தான் உண்மையில் பொருளைக் கெடுப்பவை. 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி, நடுவில் வாயில் எதையும் மாற்றாமல் தொண்டையில் குரலை மட்டும் சேருங்கள். குரல்வளையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். அது ஃஸ. 'ஷ்ஷ்ஷ்' நீட்டி அதையே செய்தால் ஃஷ. 'ஜ' என்று கேட்டால் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. 'நான்' என்பதற்கு 'ஜெ' என்று நாம் சொல்வது அப்படி வந்த தவறுதான். நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஃஷ-வை மூச்சு இருக்கும்வரை நீட்டலாம், ஜ-வை நீட்ட முடியாது. இல்ஃஸோ~ என்றால் 'அவர்களிடம் இருக்கிறது', இல்ஸோ~ என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. புவாஸோ~ மீன், புவாஃஸோ~ நஞ்சு.

வ-வையும் பாருங்கள். தமிழ் வ-வில் உதடும் பல்லும் நெருங்குமே தவிர உரசாது. பிரெஞ்சில் மேற்பல் கீழுதட்டில் பட்டு உரச வேண்டும். இல்லாவிட்டால் 'வ்வார்' (பார்க்க), 'ப்வார்' (குடிக்க) இரண்டும் குழம்பும்.

செவ்வல்லி பதில்:

'அவள்' ஏன் புரியவில்லை என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

தமிழ் பேசும்போது 'எட்டு' என்பதை 'யெட்டு' என்றும், 'ஒன்று' என்பதை 'வொண்ணு' என்றும் சொல்கிறோம். இ, எ-க்கு முன் யகரமும் உ, ஒ-க்கு முன் வகரமும் தானாக முளைக்கும். நாம் கேட்பதே இல்லை. அந்தப் பழக்கத்தில் 'எல்' (அவள்) 'யெல்' ஆகிறது, 'எகோல்' (பள்ளி) 'யெகோல்' ஆகிறது, 'ஓ' (தண்ணீர்) 'வோ' ஆகிறது. பிரெஞ்சில் ய் தனி ஒலி, பொருளை மாற்றும். எர் என்றால் காற்று, யெர் என்றால் நேற்று. ஏ° என்றால் அவர்கள், யே° என்றால் கண்கள். சரிசெய்ய, 'ஆ' சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக 'எல்' சொல்லுங்கள். நாக்கு மேலேறி இறங்கும் அசைவு இருக்கக் கூடாது.

இதே பழக்கம் சொல்லின் நடுவிலும் உடம்படுமெய்யாக வரும். 'தேஆத்ர்' (நாடகம்) 'தேயாத்ர்' ஆகிவிடும், 'நொஎல்' (கிறிஸ்துமஸ்) 'நொவெல்' ஆகிவிடும். பிரெஞ்சில் இரண்டு உயிர்கள் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்கலாம். குரலை நிறுத்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போங்கள்.

'உடன்' என்பது 'அவெக்'. நீங்கள் சொல்வது அநேகமாக 'அவெக்கு'. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, ஆகவே க் இரட்டித்துப் பின்னால் உகரம் ஒட்டிக்கொள்கிறது. கேட்பவருக்கு அது மூன்று அசையுள்ள வேறு சொல். க் ஒற்றையாக இருக்கட்டும், விடும்போது குரல் இல்லாமல் சிறு காற்று மட்டும் போகட்டும்.

ட-வை மறந்துவிடுங்கள். ஆங்கிலம் வழியாகப் பழகிய ட, பிரெஞ்சில் எங்கும் இல்லை. எல்லாம் பல்லில் படும் த. 'ஓதெல்', 'தாப்ல்'. மூச்சு சீறாமல் வரும் நம் ப, த, க சொல்முதலில் பிரெஞ்சுக்கு அப்படியே பொருந்தும். 'மொ~தாஞ்' (மலை) என்பதன் ஞகரமும், 'த்ரவாய்' (வேலை) என்பதன் ய் முடிவும் தமிழிலேயே இருப்பவை. அவற்றுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம்.

இளவேனில்:

மூவருக்கும் நன்றி. 'வீட்டில் பேசும் வாய்' என்றதும் சொல் முடிவில் மூக்கொலி உடனே பிடிபட்டது. ஆனால் சொல்லின் நடுவில் வந்தால் பழையபடி ஆகிறது. 'பாட' என்பதற்கு ஷா~தே என்று சொல்ல முயன்றால் 'ஷாந்தே'தான் வருகிறது. த-வும் 'பந்து'வின் த ஆகிவிடுகிறது. அங்கே என்ன செய்வது?

குறிலன் பதில்:

அது இரண்டு பூட்டு. ஒன்றைத் திறந்தால் மற்றது தானே திறக்காது.

தமிழில் ஒரு வல்லினம் எங்கே நிற்கிறது என்பதுதான் அது எப்படி ஒலிக்கும் என்று முடிவு செய்கிறது. சொல்முதலில் நின்றால் குரல் இல்லை (தலை). இரட்டித்தாலும் குரல் இல்லை, ஆனால் நீளும் (பத்து). மெல்லினத்துக்குப் பின் வந்தால் குரல் சேரும் (பந்து). இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வந்தால் மென்மையாகும் (அது). பிரெஞ்சு கேட்பது என்ன? உயிருக்குப் பின்னால், ஒற்றையாக, குறுகியதாக, குரலில்லாத த. அந்த இடத்துக்குத் தமிழில் அப்படி ஒரு த இல்லவே இல்லை. ஆகவே வாய் ஒன்று இரட்டிக்கும், அல்லது மென்மையாக்கும்.

வழி: ஒவ்வொரு அசையையும் தனிச் சொல்லாக நினையுங்கள். சொல்முதல் த நமக்குச் சரியாக வரும் அல்லவா, அதையே நடுவிலும் வரவழைப்பதுதான் நோக்கம். 'ஷா~' என்று முடித்து, வாயைத் திறந்தபடியே ஒரு நொடி நிறுத்துங்கள். நாக்கு கீழே கிடக்க வேண்டும். பிறகு புதிய சொல்லாக 'தே'. 10 முறை சொல்லுங்கள். பிறகு இடைவெளியை அரை நொடியாக்கி 10 முறை. பிறகு இடைவெளி இல்லாமல். ந் முளைத்தால் ஒரு படி பின்வாங்குங்கள். ஏன் ந் முளைக்கிறது என்றால், த-வுக்காக நாக்கு பல்லுக்குப் போகும்போது மூக்குவழி இன்னும் திறந்திருக்கிறது. அண்ணம் மூடிய பிறகு நாக்கு தொட வேண்டும். அந்த ஒழுங்கைத்தான் இடைவெளி கற்றுத்தருகிறது.

பழக வேண்டிய இணை: வா~தே. 'தலை'யின் த என்றால் 'பெருமையடிக்க', 'பந்து'வின் த என்றால் 'விற்கிறீர்கள்'. மூக்கொலி இல்லாத சொற்களுக்கும் இந்த முறையே உதவும். இனிப்பு அப்பத்தைக் குறிக்கும் 'காதோ'வில் முதல் க-வுக்கு 'தங்கம்' சொல்லில் வருவதுபோல் குரல் உண்டு, த-வுக்குக் குரல் கிடையாது. 'கா', 'தோ' என்று பிரித்துப் பழகிச் சேருங்கள்.

நாவடி பதில்:

சேர்த்துப் பேசும்போது வருவதையும் சொல்லிவிடுகிறேன். புணர்ச்சி படித்த நமக்கு இது எளிது. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால், 'மரங்கள் அசைந்தன' 'மரங்களசைந்தன' ஆவதுபோல் பிரெஞ்சிலும் ஒன்றிவிடும். கூடுதலாக, தனியாக நின்றால் ஒலிக்காத கடைசி மெய் உயிருக்கு முன் உயிர்பெறும்: 'லே' + 'அமி' = 'லேஃஸமி' (நண்பர்கள்). எஸ் எழுத்து ஃஸ ஆகும், டி (d) எழுத்து த் ஆகும்: 'க்ரா~' + 'ஒம்' = 'க்ரா~தொம்' (மாமனிதர்). 'உம்' என்ற பொருளுள்ள 'ஏ'வுக்குப் பின் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எச் எழுத்தில் தொடங்கும் சில சொற்களுக்கு முன்பும் கூடாது. அகராதியில் அவற்றுக்குத் தனிக் குறி இருக்கும். 'லே எரோ' என்றால் வீரர்கள். சேர்த்து 'லேஃஸெரோ' என்றால் கேட்பவருக்கு 'சுழியங்கள்' என்றே விழும்.

அழுத்தம் எப்போதும் சொற்றொடரின் கடைசி அசையில். தமிழ்ப் பழக்கத்தில் முதல் அசையைத் தூக்கினால் தொடர் துண்டு துண்டாகக் கேட்கும். நெடிலும் வேண்டாம். பிரெஞ்சு ஏ-யில் நம் ஏகாரத்தின் இறுக்கம் வேண்டும், அளவு மட்டும் குறில்.

செவ்வல்லி பதில்:

தமிழ் எழுத்துக்குப் பதில் என்ன என்றால் பன்னாட்டு ஒலியெழுத்து. 1886-ல் பாரிஸில் மொழி ஆசிரியர்கள் தொடங்கிய சங்கத்தின் பணி அது. பாடநூல்களின் வழக்கமான கணக்கில் பிரெஞ்சுக்கு 16 உயிர், 17 மெய், 3 அரையுயிர், ஆக 36 குறிகள். பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரிந்த எழுத்துகள்தாம். இரண்டு மாலை போதும். அதன்பின் எந்த அகராதியிலும் சொல்லைப் பார்த்ததும் ஒலி தெரியும்.

பயிற்சிக்கு ஆர்.எஃப்.ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி நல்லது, 10 நிமிடம், எழுத்து வடிவமும் கிடைக்கும். முழுவதையும் கேட்க வேண்டாம். 15 நொடித் துண்டு ஒன்றை எடுத்து, எழுத்தைப் பார்க்காமல் 5 முறை கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்து, எங்கே சொற்கள் ஒட்டுகின்றன, எங்கே கடைசி மெய் ஒலிக்கவில்லை என்று கோடிடுங்கள். பிறகு அறிவிப்பாளரோடு சேர்ந்தே பேசுங்கள், பின்னால் அல்ல. கடைசியில் பதிவு செய்து ஒரே ஒரு ஒலியை மட்டும் சோதியுங்கள். எல்லாத் தவறையும் ஒரே பதிவில் தேடினால் ஒன்றும் திருந்தாது.

வரிசை கேட்டிருந்தீர்கள். என் கணிப்பில் முதல் வாரம் ய்/வ் முளைப்பதும் கடைசி உகரமும், ஏனென்றால் அவை எல்லா வாக்கியத்திலும் வருகின்றன. அடுத்து உ°, பிறகு ஃஸ/ஃஷ, பிறகு மூக்கொலி. ர கடைசியில்.

இளவேனில்:

அப்படியே செய்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம்: 6, 10 எண்களை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்களே, எது சரி?

நாவடி பதில்:

எல்லாமே சரி, அடுத்து வருவதைப் பொறுத்தது. தனியாகச் சொன்னால் 'ஸிஸ்', 'திஸ்'. மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஸி', 'தி'. உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஸிஃஸ்', 'திஃஸ்'. 10 மணி 'திஃஸெ°ர்', 10 நிமிடம் 'திமினு°த்'. பத்துக்கு வரும் தி 'பந்து'வின் த-வில் தொடங்குவது, அதை மட்டும் மறக்காதீர்கள்.